பெயர் எழுதத் தேவையில்லை

தருமபுரி,
14.6.2024

அன்புத் தம்பி கஸ்பாருக்கு,

நீயும் அருள்ராணியும் மாடு கன்றும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு மூட்டு வலி இருக்கிறது; மற்றபடி குறையில்லை. ஒரே மாவட்டத்தில் இருந்துகொண்டு தபால் எழுதுகிறோமே என்று எங்கள் அலுவலக உதவியாளர் மணிமேகலை சிரிக்கிறாள். "வாட்ஸ்அப்ல போட்டா ஆவாதுங்களா மேடம்?" என்கிறாள். உனக்குப் போனில் காது சரியாகக் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீலக்கோடு வந்த பிறகும் பதில் வருவதில்லை. தபால்தான் ஒழுங்கு.

எங்கள் மேட்டுநில நீர்வள அலுவலகத்துக்குச் சென்னையிலிருந்து புதிதாக ஒரு படிவம் வந்தது. அலுவலகப் பண்பாடு பற்றி ஊழியர்களின் கருத்தை அறிகிறார்களாம். "மனம்விட்டுப் பேச முடிகிறதா? மேலதிகாரி உங்கள் பேச்சைக் காதில் வாங்குகிறாரா?" என்று முப்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண். பெயர் எழுதத் தேவையில்லை. இதை வைத்து அலுவலகங்களின் வேலையைச் சீர்படுத்தப் போகிறார்கள். நல்ல காரியம்தான்.

ஆனால் என்னுடைய ஆட்களிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பார்கள். ஆகவே நானே ஒன்றை மாதிரியாக நிரப்பி, நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்து, என் அறையிலேயே ஒன்பது பேரையும் உட்கார வைத்து எழுதச் சொன்னேன். ஜீப் டிரைவர் கருப்பண்ணன் மட்டும், "மேடம், இதுல மனசுல இருக்கறத எழுதணுங்களா?" என்று கேட்டார். "மாதிரியைப் பார்த்து எழுதுப்பா" என்றேன். அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி! வருகைப் பதிவேட்டு வரிசைப்படி அடுக்கி, முகப்புக் கடிதம் வைத்து அன்றே அனுப்பிவிட்டேன். மாநிலத்தில் முதலில் அனுப்பியது நாங்களாகத்தான் இருக்கும்.

அடுத்து நம் விஷயம். ஜனவரியோடு எனக்கு ஓய்வு. அரசுக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். அவர் போன பிறகு இங்கே எனக்குப் பேச்சுத் துணை பிரஷர் குக்கர்தான். அதனால் உன் வீட்டின் மேல் ஒரு மாடி எடுத்து அங்கேயே வந்துவிட முடிவு செய்துவிட்டேன். செலவு என்னுடையது. வரைபடம் இணைத்துள்ளேன். படிக்கட்டு அடுப்பங்கரை ஜன்னல் இருக்கும் இடத்தில் வரும். ஜன்னலை அடைத்துவிடலாம். கொத்தனாரிடம் பேசிவிட்டு எழுது.

எந்நேரமும் உங்கள் நினைவோடு,
அக்கா சகாயராணி


மாரண்டஹள்ளி,
9.7.2024

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி கஸ்பார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உங்கள் மூட்டு வலி குறைந்ததா? சிவப்பு மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று. தக்காளி விலை பாலக்கோடு மண்டியில் பேச்சுக்கே இல்லை. பறிக்கிற கூலிகூடத் தேறாது போலிருக்கிறது.

என் காது அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் போனைத் தொடவே கூடாது என்கிறார். அதிலும் நீண்ட பேச்சு ஆகாது என்கிறார். ஊரில் வேறு விசேஷமில்லை. நேற்று அடுத்த தெரு மாதையன் வீட்டில் மாமியாரும் மருமகளும் உள்ளறையில் முணுமுணுவென்று பேசிக்கொண்டார்கள். சண்டையாக இருக்குமோ என்று பார்த்தேன். மிளகாய் அரைக்கிற விஷயம்தான்.

படிவம் அனுப்பிய செய்தி மிகவும் சந்தோஷம். ஒன்பது பேரையும் ஒழுங்காக எழுத வைக்க உங்களால்தான் முடியும்.

வரைபடம் கிடைத்தது. மிக அழகாக இருக்கிறது. அளவுகோல் வைத்து வரைந்தீர்களா? கோடுகள் கொஞ்சமும் கோணவில்லை. அருள்ராணியும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், முக்கியமாக ஜன்னல் இருந்த இடத்தை. உங்கள் மூட்டு வலியை நினைத்தால்தான் எனக்குக் கவலை. மாடிப்படி ஏறி இறங்க முடியுமா அக்கா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
கஸ்பார்


தருமபுரி,
2.8.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதமும் கன்று போட்ட செய்தியும் வந்தன. கிடாரிக்குப் பால் குறையாமல் விடு. நான் நலம், ஆனால் மனசு கொதிக்கிறது.

சென்னையிலிருந்து எங்கள் படிவங்கள் மொத்தமும் திரும்பி வந்துவிட்டன. கூடவே ஒரு கடிதம். அதை அப்படியே எழுதுகிறேன், படி: "தங்கள் அலுவலக ஊழியர்கள் ஒன்பது பேரும் பெண்கள் என்றும், ஒன்பது பேரும் அலுவலகத் தலைவர்கள் என்றும், ஒவ்வொருவருக்கும் முப்பத்து நான்கு ஆண்டு அனுபவம் என்றும் தெரியவருகிறது. ஓட்டுநர் பணியிடம் காலியாக உள்ளதா எனத் தெரிவிக்கவும்."

கருப்பண்ணனைக் கூப்பிட்டேன்.

"ஏம்பா, உனக்கு மீசை இருக்குதா இல்லையா?"

"இருக்குதுங்க மேடம்."

"பின்னே எதுக்குப் பெண்ணுன்னு போட்ட?"

"மாதிரியில அப்பிடித்தானுங்க இருந்துது. நாம மாத்திப் போட்டா நீங்க திட்டுவீங்கன்னு வுட்டுட்டனுங்க."

கண்காணிப்பாளர் அர்ச்சுனன் இருபது வருஷ அனுபவஸ்தர். அவரும் அதையேதான் எழுதியிருக்கிறார்.

இப்போது மறுபடியும் எழுத வைத்தார்கள். சென்னையிலிருந்து ஒரு சின்னப் பெண் பூட்டுப் போட்ட பெட்டியோடு வந்தாள். நான் கட்டடத்துக்குள்ளேயே இருக்கக் கூடாதாம்! கருப்பண்ணனும் எழுத வேண்டியிருந்ததால் ஜீப்பும் இல்லை. பஸ் பிடித்து நல்லம்பள்ளிக்குக் கள ஆய்வுக்குப் போனேன். முப்பத்து நான்கு ஆண்டில் முதல்முறையாக என் அலுவலகம் நான் இல்லாமல் நடந்தது. திரும்பி வந்தபோது எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஏனோ நிறுத்திக்கொண்டார்கள்.

மூட்டு வலியைப் பற்றி நீ சொன்னது சரி. யோசித்துப் பார்த்தேன். நான் கீழேயே இருந்துகொள்கிறேன். நீங்கள் இருவரும் மாடிக்குப் போய்விடுங்கள். வரைபடத்தில் திருத்தம் செய்து இணைத்துள்ளேன். கொத்தனார் என்ன சொன்னார்?

பிரியமுடன்,
அக்கா


மாரண்டஹள்ளி,
6.9.2024

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். தபால்காரர் சரியாக வருவதில்லை. வந்தாலும் நான் வயலில் இருக்கிறேன். நாளை மறுநாள் மாதா பிறந்தநாள் திருவிழா. உங்கள் பேரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

திருத்திய வரைபடம் கிடைத்தது. எங்களை மாடிக்கு மாற்றியதில் உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு! ஆனால் கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மேல் பாரம் தாங்குமா என்று சந்தேகப்படுகிறார். அவரும் ஓசூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். எப்போது வருவார் என்று தெரியவில்லை.

இன்னொரு செய்தி. கிணற்று மோட்டார் கருகிவிட்டது. ஸ்டார்ட்டர் பெட்டியில் கரண்ட் எவ்வளவு வருகிறது என்று காட்ட ஒரு மீட்டர் இருக்கிறது அல்லவா? அதன் முள் எப்போது பார்த்தாலும் நானூறில் நிற்கும். எனக்கும் பெருமைதான், பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் எல்லாம் சொல்லிக்கொள்வேன், நம் லைனில் மட்டும் குறையாத கரண்ட் என்று. அவர்கள் மோட்டார் முக்கி முனகுகிற நாளிலும் நம் முள் நானூறு. மோட்டார்க் கம்பிச்சுருள் கருகிய வாசனை வந்த அன்றும் நானூறு. மெக்கானிக் வந்து பெட்டியை ஒரு தட்டு தட்டினார். முள் அசையவில்லை. "அண்ணா, இது எப்பவோ ஒட்டிக்கிச்சு. நீங்க பாத்துப் பாத்துச் சந்தோசப்பட்டது கரண்ட் இல்லீங்க, துரு" என்றார். குறைச்சலைக் குறைச்சல் என்று காட்டியிருந்தால் நானும் அன்றைக்கே சுவிட்சை அணைத்திருப்பேன்.

ஏனோ இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அருள்ராணி உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

தங்கள் அன்புக்குரிய,
கஸ்பார்


தருமபுரி,
11.10.2024

அன்புத் தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். புது மோட்டாருக்கு நல்ல மீட்டராகப் பார்த்துப் போடு.

கருத்தறிதல் முடிவு வந்துவிட்டது. "மேலதிகாரியின் முடிவு தவறென்று தோன்றினால் அவரிடம் சொல்ல முடியுமா?" என்று ஒரு கேள்வி. எங்கள் அலுவலகத்தில் எட்டுப் பேர் முடியாது என்று போட்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் முடியும். மாநிலத்திலேயே நாங்கள் கடைசி. எனக்கு இதில் ஒன்றும் வருத்தமில்லை. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்காதது வயிற்றுக் கோளாறு.

அந்த எட்டுப் பேர் யார் என்று நான் கேட்கவே இல்லை. ஆனால் முடிவு வந்த அன்று டீ வேளையில் மணிமேகலை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தாள். "மேடம், முடியும்னு போட்ட அந்த ஒரு ஆளு நாந்தானுங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் போன கொஞ்ச நேரத்தில் அர்ச்சுனன். "வெளிய சொல்லிறாதீங்க மேடம், மத்தவங்க சங்கடப்படுவாங்க. அந்த ஒண்ணு நானுங்க." மறுநாள் இன்னும் மூன்று பேர். வெள்ளிக்கிழமைக்குள் எட்டுப் பேர் வந்து, அந்த ஒருவர் தாம்தான் என்று சொல்லிவிட்டார்கள். எட்டாவது ஆள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சத்தியமே செய்தார்.

கருப்பண்ணன் மட்டும் வரவில்லை. அதியமான்கோட்டைப் பக்கம் ஜீப்பில் போகும்போது நானே கேட்டேன்.

"நீ என்னப்பா போட்ட?"

வண்டியை மெதுவாக ஓரங்கட்டினார். "முடியாதுன்னுதாங்க போட்டன் மேடம். தப்புங்களா?"

கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. சொல்ல முடியாது என்று போட்டதாக ஒப்புக்கொண்ட ஒரே ஆள்தான் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். முடியும் என்ற எட்டுப் பேராலும் முடியவில்லை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

போகட்டும். உன் கொத்தனாரை நம்பிப் பயனில்லை. ஓய்வு பெற்ற பொறியாளர் முருகேஷ் எனக்குத் தெரிந்தவர். வரும் சனிக்கிழமை சுவரைப் பார்க்க அவரை அனுப்புகிறேன். இன்னொன்று கேட்க நினைத்தேன். காது கேட்காதவனுக்கு அடுத்த தெரு உள்ளறையில் முணுமுணுத்தது எப்படிக் கேட்டது?

உடன்பிறந்தவள்,
சகாயராணி


தருமபுரி,
22.11.2024

தம்பி கஸ்பாருக்கு,

மழைக்காலம், இருவரும் கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள். முருகேஷ் வந்து சொன்னார், சுவர் இரண்டு மாடிகூடத் தாங்கும் என்று. அருள்ராணி வைத்த நாட்டுக்கோழிக் குழம்பு பிரமாதம் என்றும் சொன்னார். நீதான் ஒரு மாதத்துக்கு மேலாக ஒன்றுமே சொல்லவில்லை.

இங்கே எங்களைத் திருத்தும் வேலை தொடங்கிவிட்டது. திங்கட்கிழமைதோறும் அரைமணி நேரம் கூட்டம். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை அலுவலகத் தலைவர் வாய் திறக்கக் கூடாது. இது சென்னை உத்தரவு. முதல் திங்கள் பத்துப் பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் பேசிவிடக் கூடாதே என்று வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டேன். அடுத்த திங்கள் கருப்பண்ணன், ஜீப்பின் பின்கதவு கயிற்றில் நிற்கிறது என்றார். உடனே அதைச் சரிசெய்யச் சொன்னேன். அதுதான் ஆரம்பம்.

மூன்றாம் திங்கள் மணிமேகலை எழுந்தாள். நல்லம்பள்ளிப் பக்கம் தீர்த்தம்மாள் என்று ஒரு விவசாயி, கிணறு ஆழப்படுத்தச் சான்று கேட்டு நடையாக நடந்தவர். எல்லாச் சான்றின் வரைவும் என் மேசைக்கு வரும், நான் திருத்துவேன், திருத்தியதைத் தட்டச்சு செய்து கொண்டு வருவார்கள், மறுபடி திருத்துவேன். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு எதுவும் சுத்தமாக இருக்க வேண்டும்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க" என்று தொடங்கினாள். "நீங்க ஒரு வார்த்தைய மாத்தி, அப்பறம் பழைய வார்த்தையே இருக்கட்டும்னு சொல்றதுக்குள்ள, அந்தம்மா கெணத்துல இருந்த கொஞ்ச தண்ணியும் வத்திப் போச்சுங்க."

எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். ஏலக்காய் என் பல்லில் நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. தீர்த்தம்மாளின் ஃபைலை எடுத்து வரச் சொல்லிப் பார்த்தேன். அவள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை.

சாதாரணச் சான்றுகளில் அர்ச்சுனனே கையெழுத்திடட்டும் என்று சொல்லிவிட்டேன். இப்போது ஒரே வாரத்தில் சான்று கிடைக்கிறது. கூடத்தில் காத்திருக்கும் கூட்டம் கரைந்துவிட்டது. அதில் வருத்தம் எதிர்ப்புற டீக்கடைக்காரருக்கு மட்டும்தான்.

இது நல்ல முறையாகத் தெரிவதால் நம் குடும்பத்துக்கும் ஒரு படிவம் தயாரித்திருக்கிறேன். ஐந்தே கேள்விகள். கடைசிக் கேள்வி: "சகாயராணி நிரந்தரமாக வந்து தங்குவதில் உங்களுக்கு விருப்பமா?" இரண்டு படிவம், தபால்தலை ஒட்டிய இரண்டு உறை. தனித்தனியாக நிரப்பி அனுப்புங்கள். பெயர் எழுதத் தேவையில்லை. யார் எழுதியது என்று கண்டுபிடிக்க முயல மாட்டேன். மாதிரி எதுவும் வைக்கவில்லை.

எதிர்பார்ப்புடன்,
அக்கா


மாரண்டஹள்ளி,
11.12.2024

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம், கன்று துள்ளுகிறது. படிவங்களை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே உறையில் வைத்ததால் ஓர் உறை மிச்சம். அதையும் திருப்பி அனுப்பியுள்ளேன். நாங்கள் தனித்தனியாகத்தான் நிரப்பினோம். எல்லாக் கேள்விக்கும் இருவருக்கும் ஐந்து வந்திருப்பது தற்செயல்.

கிறிஸ்துமஸ் முன்வாழ்த்துகளுடன்,
கஸ்பார்


மாரண்டஹள்ளி,
13.12.2024

அன்புள்ள அண்ணிக்கு,

அருள்ராணி எழுதுவது. உங்கள் மூட்டுக்கு நொச்சித் தழை ஒத்தடம் கொடுங்கள், கேட்கும். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவள், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் படிவத்தை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை அண்ணி. இரண்டையும் இவரே ஒரே மூச்சில் நிரப்பினார். கையெழுத்து வேறாக இருக்க வேண்டும் என்று என்னுடையதை இடது கையால் எழுதினார். நாக்கைக் கடித்துக்கொண்டு அவர் எழுதியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதனால் என் பதிலைப் பெயர் போட்டே எழுதுகிறேன்.

எனக்கு விருப்பமில்லை அண்ணி.

போன கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள் இருந்தீர்கள். புளி இருந்த இடத்தில் சர்க்கரையும் சர்க்கரை இருந்த இடத்தில் உளுந்தும் வந்துவிட்டன. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரத்தை மாற்றினீர்கள். மாடு மட்டும்தான் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் செய்தது எல்லாம் நல்லதற்கே. ஆனால் நான் என் வூட்டில் விருந்தாளி போல நின்றேன். இவர் இருட்டும்வரை மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். அங்கே ஒரு வேலையும் இல்லை.

இவருக்கு நீங்கள் என்றால் உயிர். உங்கள் எதிரில் வந்தால் மட்டும் உயிர் இருக்காது. காது நன்றாகவே கேட்கிறது. போனில் நீங்கள் பேசினால் "சரிக்கா" என்பதைத் தவிர வேறு சொல்ல இடம் கிடைப்பதில்லை. அதற்குத்தான் அந்தக் காதுக் கோளாறு.

நான் எழுதியது இவருக்குத் தெரியாது. என்மேல் கோபப்படுங்கள், பரவாயில்லை. ஆனால் இவர் வாயால் இவரே சொல்லட்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் நல்லதையே நினைக்கும்,
அருள்ராணி


தருமபுரி,
29.12.2024

தம்பி கஸ்பாருக்கு,

கிறிஸ்துமஸ் நல்லபடி கழிந்திருக்கும். அலுவலக வேலையால் நான் வரவில்லை. வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை.

படிவங்கள் பார்த்தேன். அருள்ராணிக்கு எப்போதிலிருந்து இடது கைப் பழக்கம் என்று கேட்கப் போவதில்லை. ஜூன் மாதம் ஒன்பது பேரும் எனக்கு ஐந்து ஐந்தாகப் போட்டபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! உங்கள் ஐந்துகளைப் பார்த்து அந்தச் சந்தோஷம் வரவில்லை. மாறாக, பயமாக இருந்தது.

ஜனவரி முப்பத்தொன்று மாலை அர்ச்சுனனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறுவேன். கருப்பண்ணன், "எங்கங்க மேடம்?" என்று கேட்பார். அதற்கு நான் என்ன சொல்ல வேண்டும்? இந்த ஒன்றுக்கு மட்டும் உன் பதில் வேண்டும். வலது கையால் எழுது.

அக்கா


மாரண்டஹள்ளி,
19.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வேண்டாம் அக்கா.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நலம் விசாரித்துவிட்டு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். விசாரித்து முடிப்பதற்குள் தைரியம் போய்விடுகிறது. பொங்கலுக்கு முன்னால் தொடங்கியது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு எழுந்து எழுந்து போனேன். மாடு குடித்துக் குடித்துச் சலித்துவிட்டது.

சுவர் தாங்கும். கொத்தனார் ஓசூருக்குப் போகவே இல்லை. தாங்காதது நான்தான். நீங்கள் வந்தால் உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டோம். அதுதான் எனக்குப் பயம். நீங்கள் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் எழுந்து நிற்போம். என்ன குழம்பு என்று கேட்டால் உங்களுக்குப் பிடித்ததைச் சொல்வோம். ஒன்பது பேர் அலுவலகத்தில் ஓய்வு பெற்றுவிட்டு, இரண்டு பேர் அலுவலகம் ஒன்றில் மறுபடி சேருவீர்கள். அங்காவது திங்கட்கிழமை கூட்டம் இருந்தது.

தெற்கு வயலில் தென்னங்கன்றுகளை நான் நெருக்கி நட்டது ஞாபகம் இருக்கிறதா? ஒன்றுக்கொன்று துணையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இப்போது மட்டைக்கு மட்டை உரசிக்கொண்டு எல்லாம் கோணலாக வளர்கின்றன. எட்டி நட்ட இரண்டு மட்டும் நேராக நிற்கின்றன. காய்ப்பதும் அவைதான்.

உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவர் நீங்கள். அந்த அக்கா ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினால் ஓடிவந்து பையை வாங்கிக்கொள்ள எனக்கு ஆசை. அதற்கு நீங்கள் வேறெங்காவது இருந்தால்தானே வர முடியும்?

ஜீப் எங்கே போக வேண்டும் என்று கேட்டீர்கள். அன்றைக்கு ஜீப் வேண்டாம். நான் வருகிறேன். குடியிருப்பைக் காலி செய்ய அவகாசம் இருக்குமல்லவா? அதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து நல்ல வீடாகப் பார்ப்போம்.

தப்பாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். இல்லை, தப்பாக எழுதவில்லை.

கஸ்பார்


தருமபுரி,
21.2.2025

அன்புள்ள அருள்ராணிக்கு,

நொச்சித் தழை ஒத்தடம் கேட்கிறது. உனக்கு அப்போதே பதில் எழுதாமல் விட்டது கோபத்தால்தான், மறைப்பானேன்! இப்போது கோபம் இல்லை. அதாவது உன்மேல் இல்லை.

உன் புருஷனின் கடிதம் வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு மணிமேகலையைக் கூப்பிட்டு, "என் தம்பி எனக்கு வேண்டாம்னு எழுதியிருக்கான்" என்று காட்டினேன். அவள் படித்துவிட்டு, "இவர ஒரு திங்கக்கிழமைக்கு நம்ம கூட்டத்துக்குக் கூட்டியாரலாங்களா மேடம்?" என்றாள். அழுகையோடு சிரித்தேன்.

சொன்னபடி முப்பத்தொன்றாம் தேதி வந்து வாசலில் நின்றான். எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு அவனோடு நடந்தே குடியிருப்புக்குப் போனேன். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு வீடு பார்க்கத் தொடங்கினோம்.

அதியமான்கோட்டையில் ஒரு வீடு. "லாரி சத்தம் காதக் குத்துது, வேண்டாம்" என்றான். காதாம்! நல்லம்பள்ளியில் ஒன்று. தண்ணீரை வாயில் ஊற்றித் துப்பிவிட்டு, "உப்பு, வேண்டாம்." தருமபுரியில் நல்ல காற்றோட்டமான வீடு. "வூட்டுக்காரன் ரொம்பக் கும்புடறான், வேண்டாம்." உங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே ஒன்று காலியென்று நானே கண்டுபிடித்துச் சொன்னேன். "ரொம்பக் கிட்ட, வேண்டாம்" என்றான், கொஞ்சம்கூட யோசிக்காமல்.

போன வாரம் ஒரு வீடு எனக்குப் பிடித்தேவிட்டது. "இதுதான்டா" என்றேன்.

"புடிச்சா மட்டும் போதுமாக்கா? மேல பாருங்க. மழ வந்தா சோத்துல ஒழுவும். வேண்டாம், வாங்க."

பின்னாலேயே வந்தேன். வீட்டுக்காரர் என்னை அவனுடைய தங்கை என்று நினைத்து, "அண்ணன் சொன்னா சரிதாம்மா" என்று எனக்குப் புத்தி சொன்னார்.

ஐம்பத்தேழு வயது வரைக்கும் சேர்த்து வைத்த வேண்டாம் அத்தனையும் இப்போது ஒன்றாக வருகிறது. இந்த மனுஷனை ஆரம்பித்து வைத்தவள் நீ. நீயே அடக்கு. குடியிருப்பில் இன்னும் ஒரு மாதம்தான் இருக்க முடியும்.

வழி தெரியாமல்,
அண்ணி


மாரண்டஹள்ளி,
7.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

தவக்காலம் தொடங்கிவிட்டது, மூட்டு வலியை வைத்துக்கொண்டு நடைப்பயணம் எதுவும் போகாதீர்கள்.

வீட்டுக் கவலை தீர்ந்தது. பாலக்கோட்டில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைச் சரி என்று இவரே சொல்லிவிட்டார். சரி என்ற வார்த்தையைக் கேட்டு ரொம்ப நாளானதால் நான் ஒருமுறைக்கு இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். நேற்று போய் நானும் பார்த்தேன். தண்ணீர் இனிக்கிறது. ஒழுகாது. எங்கள் ஊர் பஸ் தெருமுனையில் நிற்கிறது. அடுப்பங்கரை ஜன்னல் பெரிது. நீங்கள் பார்த்துவிட்டு எழுதுங்கள். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் நீங்களும் வேண்டாம் என்று சொல்லலாம். இவர் மட்டும்தான் சொல்ல வேண்டுமா என்ன?

ஆனால் இவரை அடக்கச் சொன்னீர்களே, அது என்னால் ஆகாது. ரசம் நீர்த்துப்போச்சு என்கிறார், கல்யாணமாகி இவ்வளவு வருஷத்தில் முதல்முறையாக. நான் ஆசையாக எடுத்த சேலையைப் பார்த்து, "கலரு நல்லால்ல" என்கிறார். போன வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று, பாட்டு ரொம்ப நீளம் என்று உபதேசியாரிடமே சொல்லிவிட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உபதேசியார் அடுத்த பாட்டில் இரண்டு சரணத்தைக் குறைத்துவிட்டார். அதற்கு இவரிடம் பலர் ரகசியமாக நன்றி சொன்னார்களாம். அதிலிருந்து கையில் பிடிக்க முடியவில்லை.

என் ஒருத்தியால் முடியாது அண்ணி. ஈஸ்டருக்கு வந்து பத்து நாள் எங்களோடு இருங்கள். இது நானாகக் கூப்பிடுவது. யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இவருக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு கை பார்ப்போம்.

வருவதாக இவருக்கு மட்டும் முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

வழிமேல் விழி வைத்திருக்கும்,
அருள்ராணி